பெட்டியைத் திறந்ததும் கைக்கு வர வேண்டியது

லாரித் தடம் – தொடர் : 17

புதுச்சேரியிலிருந்து கடலூர் நோக்கித் தெற்கே இறங்கும் சாலையில், அரியாங்குப்பம் பாலத்தையும் நோணாங்குப்பத்துச் சுண்ணாம்பாற்றுப் பாலத்தையும் தாண்டினால் தவளக்குப்பம் வரும். அங்கே ஒரு சாலை மேற்கே அபிஷேகப்பாக்கத்துக்குப் பிரிகிறது. இன்னொன்று கிழக்கே நல்லவாட்டுக் கடற்கரைக்குப் போகிறது. பகலெல்லாம் பேருந்து, கல்லூரி வேன், ஷேர் ஆட்டோ, ஆம்புலன்ஸ் என்று நெரிசல். பிள்ளையார்குப்பத்திலும் கிருமாம்பாக்கத்திலும் உள்ள இரண்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கும் இதுதான் வழி.

இரவு பத்து மணிக்கு மேல் சாலை லாரிகளின் கைக்குப் போய்விடுகிறது. கடலூர் சிப்காட்டுக்குப் போகும் டேங்கர், டெல்டாப் பக்கத்திலிருந்து வரும் நெல் லோடு, மீன் வண்டி, சிமென்ட், ஜல்லி. தமிழ்நாட்டைவிடப் புதுச்சேரியில் டீசல் விலை குறைவு என்பதால், முள்ளோடை எல்லையைத் தாண்டுவதற்குள் டேங்கை நிரப்பிக்கொள்ள நிற்கும் வண்டிகள் வேறு. முன்பு 45-ஏ என்றும் இப்போது 32 என்றும் எண்ணிடப்பட்ட தேசிய நெடுஞ்சாலை இது.

இந்தச் சாலையில், தவளக்குப்பத்துக்கும் கிருமாம்பாக்கத்துக்கும் நடுவே, வெளிச்சம் குறைந்த ஓர் இடத்தில், நள்ளிரவு ஒரு மணிக்கு ஓர் ஆறு சக்கர லாரியின் பின்டயர் வெடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முழு லோடு. வண்டியின் பாதி மண் ஓரத்தில், பாதி தார்ச்சாலையில்.

“தம்பி, ஜாக்கிய எடுடா.”

“அண்ணே, ஜாக்கி சீட்டுக்கு அடியில கிடக்கு. மேல தார்ப்பாயும் ஸ்டவ்வும் இருக்கு. எறக்கிட்டுத்தான் எடுக்கணும்.”

தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடிப் பழகிய எவருக்கும் இந்தப் பேச்சு புதிதல்ல. ஓட்டுநரும் கிளீனரும் கேபினுக்குள் தலையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கும் அந்த ஐந்து பத்து நிமிடங்கள்தான் அன்றைய இரவின் மிக ஆபத்தான நேரம். பின்விளக்கில் சேறு. பின்னால் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வரும் இன்னொரு லாரிக்காரருக்கோ, முன்னால் தெரியும் கருப்பு உருவம் ஓடுகிறதா நிற்கிறதா என்று புரியாது.

ஆகவே, லாரியில் வைக்கும் அவசரப் பெட்டியைப் பற்றிப் பேசும்போது ஸ்பேனரிலிருந்து தொடங்குவது சரியல்ல. பெட்டியைத் திறந்ததும் முதலில் கைக்கு வர வேண்டியவை, பின்னால் வருபவரைக் காப்பாற்றும் பொருட்கள். வண்டியைச் சரிசெய்யும் கருவிகள் அதற்கு அடுத்த அடுக்கு. ராத்திரியைக் கழிக்க உதவுபவை கடைசி அடுக்கு. எந்த வரிசையில் தேவைப்படுமோ அந்த வரிசையில் அடுக்கினால்தான் அது அவசரப் பெட்டி. இல்லாவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியும் சீட்டுக்கு அடியில் கிடக்கும் பழைய இரும்புதான்.

முதல் பத்து நிமிடம்

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் இறந்தார்கள். அந்த விபத்துகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், பின்னால் வந்த வண்டி முன்வண்டியில் மோதியவை. முன்வண்டி ஓடிக்கொண்டிருந்தாலும் சரி, பழுதாகி நின்றிருந்தாலும் சரி, பின்னால் வருபவருக்குத் தேவை நேரமும் தூரமும்தான்.

கணக்கு எளிது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் போகும். ஓட்டுநர் கண்ணில் பட்டு, மூளைக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போக இரண்டு நொடி என்றால் அதற்குள் 33 மீட்டர் முடிந்துவிட்டது. பிரேக் பிடித்தபிறகு லோடு வண்டி நிற்கக் குறைந்தது இன்னொரு 30 மீட்டர் வேண்டும். மழையில் நனைந்த சாலையென்றால் இன்னும் கூடுதல். அப்படியானால் நின்ற வண்டிக்குப் பத்தடி பின்னால் வைக்கும் எச்சரிக்கை யாருக்கு உதவும்?

அமெரிக்காவில் சரக்கு லாரிகளுக்கு இதற்குத் துல்லியமான விதி உண்டு. வண்டி சாலையிலோ சாலையோரத்திலோ நின்றுவிட்டால் பத்து நிமிடத்துக்குள் மூன்று எச்சரிக்கை அடையாளங்களை வைத்தாக வேண்டும். இருவழிச் சாலையில் ஒன்று வண்டிக்கு அருகே பத்தடிக்குள், ஒன்று நூறடி முன்னால், ஒன்று நூறடி பின்னால். நடுவே தடுப்புள்ள சாலையில் மூன்றும் பின்பக்கம்தான்: பத்தடி, நூறடி, இருநூறடி. வளைவோ மேடோ மறைத்தால் ஐந்நூறடி வரை தள்ளி வைக்கலாம். நம் சாலைக்கு இந்த அளவுகள் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. புதுச்சேரி–கடலூர் சாலை போலக் கடைகளும் குறுக்குச் சந்துகளும் நிறைந்த இடத்தில், ஐம்பது எட்டு பின்னால் நடந்துபோய் ஒரு முக்கோணத்தை வைத்துவிட்டு வருவதைக் கிளீனர் பழக்கமாக்கிக்கொண்டால் போதும்; மற்றதெல்லாம் பிறகு.

நம்மூரில் காலங்காலமாக இருக்கும் வழக்கம் வேறு. சாலையோர வேப்பமரத்திலோ புங்கமரத்திலோ ஒரு கிளையை ஒடித்து வண்டியின் பின்னால் செருகுவார்கள். நாலைந்து கருங்கற்களை வரிசையாகச் சாலையில் வைப்பார்கள். பகலில் கிளை தெரியும். இரவில் பச்சை இலையும் கருப்புதான். கற்களோ இன்னும் மோசம். டயர் மாற்றியதும் வண்டி கிளம்பிவிடும், கற்கள் சாலையிலேயே கிடக்கும். விடியற்காலை மீன் கூடையுடன் நல்லவாட்டிலிருந்து வரும் மொபெட்காரருக்கும், ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் தொழிலாளிக்கும் அந்தக் கல் எமன். டயருக்கு முட்டுக் கொடுத்த கல்லையும் கூட எடுத்து ஓரத்தில் போட மறந்து போகிறவர்கள் நிறையப் பேர்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 122-ஆவது பிரிவு, பிறருக்கு ஆபத்தோ இடைஞ்சலோ உண்டாகும்படி பொது இடத்தில் வண்டியை விட்டுவைக்கக் கூடாது என்கிறது. பழுது என்பது தற்செயல். ஆனால் அதைப் பிறர் கண்ணுக்குத் தெரியும்படி செய்வது ஓட்டுநர் கையில் இருக்கிறது.

எனவே முதல் அடுக்கு இது: மடக்கி வைக்கும் ஒளிர் முக்கோணங்கள் மூன்று. காற்றில் பறக்காதபடி அடியில் கனமான கால் உள்ளவையாகப் பார்த்து வாங்க வேண்டும். லாரிகள் அருகே உரசிப் போகும் வேகத்தில் இலேசான பிளாஸ்டிக் முக்கோணம் குப்புற விழுந்துவிடும். ஒளிரும் மேல்சட்டை இரண்டு, ஓட்டுநருக்கு ஒன்று, கிளீனருக்கு ஒன்று. தலையில் மாட்டும் டார்ச்சு ஒன்று. செல்போன் விளக்கை வாயில் கவ்விக்கொண்டு நட்டுக் கழற்றுவதும், அந்த விளக்கிலேயே பேட்டரி தீர்ந்து உதவிக்குக்கூடப் பேச முடியாமல் போவதும் தலைவிளக்கு இருந்தால் தேவையில்லை. பின்விளக்கையும் ஒளிர் பட்டையையும் துடைக்க ஒரு ஈரத்துணி. இவை அனைத்தும் ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால், கதவைத் திறந்ததும் கையெட்டும் இடத்தில் தனிப்பையில் இருக்க வேண்டும்.

ஜாக்கிக்கு அடியில் ஒரு பலகை

இரண்டு அச்சுள்ள லாரிக்கு 2018-இல் மத்திய அரசு உயர்த்திய அனுமதி எடை 18.5 டன். அதில் முன் அச்சுக்கு 7 டன், பின் அச்சுக்கு 11.5 டன். பின்பக்கம் ஒரு பக்கத்தைத் தூக்கினாலே கிட்டத்தட்ட ஆறு டன் ஜாக்கியின் தலையில் இறங்குகிறது. சாலை சாய்ந்திருந்தால் பாரமும் ஒரு பக்கம் சாயும். ஆகவே ஆறு சக்கர லாரிக்கே 20 டன் ஹைட்ராலிக் ஜாக்கி வைத்துக்கொள்வது வசதிக்காக அல்ல, பாதுகாப்புக்காக.

ஜாக்கி எவ்வளவு பெரிதானாலும் அதன் அடிப்பாகம் ஒரு உள்ளங்கையை விடக் கொஞ்சம்தான் அகலம். பாகூர்ப் பக்கம் பரவியிருப்பது நெல் விளையும் மண். ஊசுட்டேரிக்கு அடுத்தபடியாகப் புதுச்சேரியின் பெரிய ஏரியான பாகூர் ஏரியின் பாசனம் பாயும் பூமி. ஐப்பசி, கார்த்திகையில் சாலையின் மண் ஓரம் களியாகக் கிடக்கும். அங்கே ஜாக்கியை நேரே தரையில் வைத்து ஏற்றினால் வண்டி உயராது. ஜாக்கிதான் பூமிக்குள் இறங்கும். ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கினால் பாரம் நழுவும். அதனால் ஒன்றேகால் அடி சதுரத்தில், இரண்டங்குல கனத்தில் ஒரு கெட்டியான மரப்பலகை பெட்டியோடு இருக்க வேண்டும். கருவேலம், வேம்பு என்று எதுவானாலும் பிளவு இல்லாததாக இருந்தால் சரி. கடையில் விற்கும் எந்த வெளிநாட்டுக் கருவியும் இந்த மண்ணில் அந்தப் பலகை செய்யும் வேலையைச் செய்யாது.

பலகைக்குத் துணை, முட்டுக்கட்டை இரண்டு. பழுதான சக்கரத்துக்கு எதிர்ப்பக்கம் தரையில் நிற்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வொன்று. ஆப்பு வடிவில் அறுத்து, ஒரு முனையில் கயிறு கோத்து வைத்தால் எடுக்கவும் எளிது, மறந்து விட்டுப் போகவும் மாட்டோம்.

ஜாக்கி ஏற்றும் முன் நட்டுகளை இளக்கிவிட வேண்டும். சக்கரம் தரையில் ஊன்றியிருக்கும்போதே வீல் ஸ்பேனரைப் போட்டு ஒவ்வொரு நட்டையும் கால் சுற்று தளர்த்துவது முதல் வேலை. தூக்கிய பிறகு முழுப் பலத்தோடு மிதித்தால் வண்டி ஜாக்கியிலிருந்து நழுவ வாய்ப்பு உண்டு. சில பழைய வண்டிகளில் இடப்பக்கத்து நட்டுகள் வலப்பக்கத்துக்கு நேர்மாறாகத் திரும்பும். தெரியாதவர்கள் இளக்குவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே இருப்பார்கள். வண்டியை முதன்முறை கையில் வாங்கும்போதே அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பெட்டி மூடியின் உட்புறத்தில் பெயின்டில் எழுதிவைப்பது நல்ல வழக்கம்.

பத்து நட்டுள்ள சக்கரத்தைத் திரும்ப இறுக்கும்போது அடுத்தடுத்து இறுக்கக் கூடாது. ஒன்றை இறுக்கினால் அதற்கு நேரெதிரே உள்ளதை இறுக்க வேண்டும். அப்போதுதான் வட்டு சமமாக உட்காரும். கனரக லாரிகளின் நட்டுக்குச் சுமார் 600 நியூட்டன் மீட்டர் முறுக்கு கேட்கும். வண்டிக்கு வண்டி இது மாறும். எண்ணாகச் சொன்னால் பெரிதாகத் தெரியும் இது, ஒரு மீட்டர் நீளப் பைப்பை ஸ்பேனரில் செருகி அதன் முனையில் அறுபது கிலோ ஆள் தன் எடையைப் போட்டு அழுத்துவதற்குச் சமம். அந்த பைப் பெட்டியில் இருந்தாலே போதும், இரண்டு பேர் ஏறிக் குதிக்க வேண்டியதில்லை. ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை நிறுத்தி நட்டுகளைச் சோதிக்க வேண்டும். சாலையில் சக்கரம் கழன்று ஓடும் விபத்துகள் பல, டயர் மாற்றிய அதே நாளில் நடப்பவை.

ஒன்றை மட்டும் சாலையோரத்தில் செய்யவே கூடாது. டியூப் உள்ள பழைய வகைச் சக்கரத்தில் டயரைப் பிடித்து நிறுத்துவது ஓர் இரும்பு வளையம். லாக் ரிங் என்பார்கள். அது சரியாகக் காடியில் உட்காராமல் காற்று ஏற்றினால், நூறு பி.எஸ்.ஐ.க்கு மேற்பட்ட அழுத்தத்தில் வளையம் தெறித்துப் பறக்கும். எதிரில் குனிந்திருப்பவரின் தலை தப்பாது. பஞ்சர்க் கடைகளில் சங்கிலி சுற்றியோ இரும்புக் கூண்டுக்குள் வைத்தோ காற்றுப் பிடிப்பது அதற்காகத்தான். நடுவழியில் ஸ்டெப்னியை மாட்டலாம். டயரைக் கழற்றி டியூப் ஒட்டும் வேலையைக் கடைக்கே விட வேண்டும். ஆகவே பெட்டியில் டயர் லிவர் இருப்பதைவிட, ஸ்டெப்னியில் காற்று இருப்பது முக்கியம். வாரம் ஒருமுறை கேஜ் வைத்துப் பார்த்தால்தான் அது தெரியும். சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்பது உத்தேசம்தான், அளவாகாது.

பஞ்சருக்கும் இந்த நாட்டுச் சாலைக்கும் நெடிய உறவு. மாட்டு வண்டிகள் மிகுந்த காலத்தில் காளைகளின் லாட ஆணிகள் சாலையெங்கும் உதிர்ந்து கிடந்தன. மதுரையில் பேருந்து ஓட்டிய டி.வி.எஸ். நிறுவனம், காந்தம் பொருத்திய வண்டியைத் தன் வழித்தடங்களில் ஓட்டி அந்த ஆணிகளைப் பொறுக்கியது. பழுதாகி நின்றபின் சரிசெய்வதற்கு முன்னாலேயே யோசித்த ஒரு தென்னாட்டு நிறுவனத்தின் கதை அது.

எண்ணெய், காற்று, மின்சாரம்

வண்டி நிற்பதற்கு டயருக்கு அடுத்த காரணங்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் அடங்கும். கருவிகளும் அதற்கேற்ப இருந்தால் போதும்.

டபுள் எண்ட் ஸ்பேனர் 10-11 முதல் 24-27 வரை ஒரு செட். அதே அளவில் ரிங் ஸ்பேனர் ஒரு செட். திருப்புளி தட்டை ஒன்று, நட்சத்திரம் ஒன்று. கட்டிங் பிளேயர், குறடு, ஒரு கிலோ சுத்தியல், ஆக்ஸா பிளேடு. ஸ்பேனர் விலை மலிவாகக் கிடைக்கிறதென்று வாயகன்று போகும் இரும்பை வாங்கினால் நட்டின் முனை மழுங்கிவிடும். பிறகு அந்த நட்டை உளி வைத்துத்தான் வெட்ட வேண்டும். குரோம் வனேடியம் என்று பொறித்த கருவிகளைப் பார்த்து வாங்கினால் பல வருடம் உழைக்கும். சென்னைப் புதுப்பேட்டை வரை போய்ப் பழைய ஸ்பேனர் வாங்குகிறவர்கள் அதன் வாயைக் கண்ணால் பார்த்து, ஒரு நட்டில் போட்டு ஆட்டிப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.

டீசலில் காற்றுப் புகுந்தால் பழைய வகை இன்ஜின் இழுத்து இழுத்து நின்றுவிடும். “ஏர் எடுக்கணும்” என்பார்கள். வடிகட்டியின் தலையில் உள்ள சின்னத் திருகை ஒரு சுற்று இளக்கிவிட்டு, பம்பில் உள்ள கைப்பிடியை மேலும் கீழுமாக அழுத்த வேண்டும். முதலில் நுரை வரும். பிறகு குமிழ் குமிழாக வரும். குமிழ் நின்று டீசல் கண்ணாடி போலத் தெளிந்து வழிய ஆரம்பித்ததும், கைப்பிடியை அழுத்திக்கொண்டே திருகை இறுக்க வேண்டும். இதற்குத் தேவை ஒரே ஒரு ஸ்பேனரும் கொஞ்சம் வேஸ்ட் துணியும்.

ஆனால் 2020 ஏப்ரல் 1 முதல் விற்பனைக்கு வந்த பி.எஸ்.-6 வண்டிகளில் இந்தக் கைவைத்தியத்தை அப்படியே செய்யக் கூடாது. காமன் ரெயில் இன்ஜினில் டீசல் ஓடும் அழுத்தம் ஆயிரத்தறுநூறு பாருக்கும் மேலே போகும். ஓடும் இன்ஜினில் அந்தக் குழாயின் நட்டை இளக்கினால் பீய்ச்சியடிக்கும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளியாகத் தெரியும் காயம் கையையே இழக்கும் அளவுக்குப் போகலாம். புதிய வண்டிக்காரர்கள் பெட்டியில் வைக்க வேண்டியது உதிரி டீசல் ஃபில்டர், கம்பெனியின் சாலை உதவி எண், ஒரு கேன் டெஃப். 32.5 சதவீதம் யூரியா கலந்த அந்தத் திரவம் தீர்ந்தால் வண்டி தானாகவே இழுவையைக் குறைத்துக்கொள்ளும். எந்த ஸ்பேனராலும் அதற்குப் பரிகாரம் இல்லை.

காற்று என்றால் பிரேக். ஏர் பிரேக் வண்டியில் சிஸ்டத்தின் அழுத்தம் எட்டுப் பார் அளவில் இருக்கும். எங்காவது ஓஸ் வெடித்துக் காற்று இறங்கிவிட்டால் ஸ்பிரிங் பிரேக் தானே கவ்விக்கொள்ளும். வண்டி இம்மியும் நகராது. வண்டியின் அளவுக்கேற்ற நைலான் குழாய் இரண்டு மீட்டர், இணைப்பான்கள் நான்கு, ஓஸ் கிளிப்புகள் சில இருந்தால் வெட்டுப்பட்ட இடத்தை அறுத்து இணைத்துப் பட்டறை வரை போய்ச் சேரலாம். டயருக்குக் காற்றுப் பிடிக்கும் நீண்ட ஓஸ் ஒன்றும் அவசியம். வழியில் உதவிக்கு நிற்கும் இன்னொரு லாரியின் ஏர் டேங்கிலிருந்து காற்று வாங்கிக்கொள்ள அது உதவும். கயிறு கட்டி இழுத்தால் வந்துவிடும் என்று நினைப்பவர்கள், காற்றில்லாத லாரியை இழுத்துப் பார்த்துவிட்டு டயரைத் தேய்த்ததுதான் மிச்சம்.

மின்சாரத்தில் முதல் எச்சரிக்கை வோல்ட். கனரக லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறார்கள். ஆகவே உதிரி பல்பு, ஃபியூஸ், ரிலே எல்லாம் அந்த வோல்ட்டுக்கானவையாக இருக்க வேண்டும். காரிலிருந்து ஜம்ப் கேபிள் போட்டு லாரியைக் கிளப்ப முயலக் கூடாது. இரண்டாவது எச்சரிக்கை ஃபியூஸ். போன ஃபியூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பியைச் சுற்றுகிறவர்கள் வண்டிக்குத் தீ வைக்க நாள் குறிக்கிறார்கள். சல்லிக்காசு விலையுள்ள ஃபியூஸ் பத்து, ஒரு சிகரெட் டப்பா அளவு இடத்தில் அடங்கிவிடும்.

இவற்றோடு ஃபேன் பெல்ட் ஒன்று, ரேடியேட்டர் ஓஸ் ஒன்று, எம்-சீல், இன்சுலேஷன் டேப், ஒரு கட்டுக் கட்டுக்கம்பி. பழைய டியூபை இரண்டங்குல அகலத்தில் நீளமாக வெட்டிச் சுருட்டி வைத்த பட்டைகள் நான்கைந்து. ஓட்டை விழுந்த ரேடியேட்டர் ஓஸில் அந்த ரப்பர்ப் பட்டையை இழுத்து இழுத்து நெருக்கமாகச் சுற்றி, மேலே கம்பியால் இறுக்கினால் மெதுவாக ஓட்டிப் போய்விடலாம். ரேடியேட்டர் மூடியை மட்டும் சூடு தணியாமல் திறக்கக் கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில்தான் அடிக்கும்.

கடல் தவளக்குப்பத்துக்குக் கிழக்கே கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. உப்புக் காற்றில் ஆறே மாதத்தில் ஸ்பேனர்மேல் செந்துரு பூக்கும். கித்தான் துணியில் வரிசையாகப் பைகள் தைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பேனரைச் செருகிச் சுருட்டி வைத்தால் எது குறைந்தாலும் உடனே தெரியும். மாதம் ஒருமுறை என்ஜின் ஆயில் தோய்ந்த துணியால் துடைத்துவிட்டால் துருவும் அண்டாது.

ரத்தமும் நெருப்பும்

பெட்டியில் முதலுதவிக்கென்று தனி டப்பா வேண்டும். கையுறை இரண்டு ஜோடி, பெரிய பஞ்சுத் துணிக்கட்டுகள், அகலமான கட்டுத்துணி, கத்தரிக்கோல், முக்கோணத் துணி இரண்டு, ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள். ரத்தம் பெருகும் காயத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடிப்பதுதான் முதல் சிகிச்சை. மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. தீக்காயத்தில் பேஸ்ட்டோ மாவோ தடவாமல் இருபது நிமிடம் குளிர்ந்த நீரை ஓடவிட வேண்டும்.

அடிபட்டவரைத் தூக்கினால் போலீஸ், கோர்ட் என்று இழுப்பார்கள் என்ற பயம் லாரி ஓட்டுநர்களிடம் இன்னும் இருக்கிறது. உதவுபவரைப் பாதுகாக்கும் வழிகாட்டுதல்களை உச்ச நீதிமன்றம் 2016 மார்ச்சில் உறுதிசெய்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 134-ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுபவர்மீது வழக்குத் தொடுக்க முடியாது என்று சொல்கிறது; விருப்பமில்லாவிட்டால் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18-இல் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு ஏழு நாள் வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்குள் பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். 108, 112, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033 ஆகிய மூன்று எண்களையும் முதலுதவி டப்பாவின் மூடியில் பெரிதாக எழுதி ஒட்டலாம்.

தீயணைப்பான் உலர் தூள் வகை. கேபினுக்குள், கையை நீட்டினால் எட்டும் இடத்தில். முள் பச்சையில் நிற்கிறதா என்று ஒவ்வொரு நடைக்கும் பார்க்க வேண்டும். சிப்காட்டுக்கு ரசாயனம் ஏற்றிப்போகும் டேங்கர்களுக்கு இது போதாது. அந்தச் சரக்கு என்ன, கசிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் டிரெம் கார்டு ஓட்டுநரிடம் இருந்தாக வேண்டும். அதைச் சரக்கு ஏற்றியதும் வாங்கி மடித்து வைத்துவிடாமல், வண்டி கிளம்பும் முன் கிளீனருக்கும் ஒருமுறை வாசித்துக் காட்ட வேண்டும். கசிவு நடந்தால் ஓட்டுநர் மயங்கிக் கிடக்கலாம். அப்போது தீயணைப்பு வீரர்களிடம் பேசப்போவது கிளீனர்தான்.

புயல் மாதத்துப் பெட்டி

2011 டிசம்பர் 30 அதிகாலை, தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. சாலைகளின் குறுக்கே மரங்கள் கிடந்தன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது 24 மணி நேரத்தில் 46 செ.மீ. மழை கொட்டியது. அதற்கடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் பெருகிப் பாகூர் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. அரசூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையே மூழ்கி லாரிகள் மைல் கணக்கில் நின்றன.

ஐப்பசி பிறந்ததும் பெட்டியில் மூன்றாவது அடுக்கு சேர வேண்டும். கிளை வெட்ட ஓர் அரிவாளும் கை ரம்பமும். இருபது மீட்டர் கெட்டியான நைலான் கயிறு. ஒரு சின்ன மண்வெட்டி. புதைந்த சக்கரத்தின் முன்னால் சேற்றை வழித்துவிட்டுச் சணல் சாக்கை விரித்தால் பிடிமானம் கிடைக்கும். பத்து லிட்டர் குடிநீர், அவல், வெல்லம், பிஸ்கட், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள் மூன்று நாளைக்கு. சர்க்கரை நோய் உள்ள ஓட்டுநர்களுக்கு இந்தக் கடைசி வரி மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

தண்ணீருக்குள் நின்றுபோன இன்ஜினைத் திரும்பக் கிளப்பிப் பார்க்கக் கூடாது. சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆயிரங்களில் முடிய வேண்டிய செலவு லட்சங்களுக்குப் போகும்.

யார் பொறுப்பு?

பெட்டிக்கான பொருட்களை ஒருமுறை வாங்கிவிடுவது எளிது. அடுத்த தீபாவளிக்கு அவை அங்கே இருக்குமா என்பதுதான் கேள்வி. லாரியில் ஓட்டுநர் மாறுகிறார், கிளீனர் மாறுகிறார், பட்டறையில் ஒரு ஸ்பேனர் தங்கிவிடுகிறது, பக்கத்து வண்டிக்காரர் கடன் வாங்கிய பிளேயர் திரும்பி வருவதில்லை. கணக்கு வைத்துக்கொள்ளாத உரிமையாளர், காணாமல் போன கருவிக்கு ஓட்டுநரின் பேட்டாவில் கைவைக்கிறார். அடுத்தமுறை அந்த ஓட்டுநர் கருவி எதையும் பொறுப்பெடுக்கவே தயங்குகிறார்.

இதற்கு வழி ஒரு பக்கத் தாள்தான். பெட்டியில் உள்ள ஒவ்வொரு பொருளின் பெயரும் தமிழில், அடுக்கு வாரியாக. வண்டி கைமாறும்போது கொடுப்பவரும் வாங்குபவரும் திறந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். தேய்ந்ததையும் தீர்ந்ததையும் உரிமையாளர் தன் செலவில் மாற்றித் தர வேண்டும். இன்சூரன்சுக்கும் எஃப்.சி.க்கும் தேதி குறித்து வைக்கிற அதே நோட்டில் தீயணைப்பான் காலாவதியாகும் தேதியும் ஏற வேண்டும்.

புதிதாகச் சேரும் கிளீனருக்குப் பெட்டியைப் பகலில் ஒருமுறை காட்டினால் போதாது. வண்டியை ஓரங்கட்டி, விளக்கை அணைத்துவிட்டு, “முக்கோணத்த எடுத்து ஐம்பது எட்டு பின்னால வச்சிட்டு வா தம்பி” என்று இருட்டில் சொல்லிப் பார்க்க வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனால் அடுக்கிய முறையில் கோளாறு இருக்கிறது. பையை இன்னும் கதவோரம் நகர்த்தி, மறுபடி ஒருமுறை சொல்லிப் பார்க்கலாம்.

(தொடரும்)

அடுத்த வாரம்: தார்ப்பாயும் கயிறும் – லோடு கட்டும் கைகளின் கதை